இன்க்ஜெட் பிரிண்டரில் மை வராவிட்டால்: நாசில் செக்கில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கறுப்பு வரவில்லை, நிறம் மாறி வருகிறது, தாள் வெறுமையாக வெளியே வருகிறது என்று உதவி கேட்பவர்கள், கேட்பதற்கு முன்பே பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்து முடித்திருப்பார்கள்: மை தெளிக்கும் பகுதியைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை ஐந்தாறு முறை ஓட்டியிருப்பார்கள், அல்லது புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டிருப்பார்கள். காரணம் தெரியாமல் செய்யும்போது இரண்டுமே மையையும் பணத்தையும் விழுங்குகின்றன. சில நேரங்களில் சிறிய பழுது பெரிதாகவும் ஆகிவிடுகிறது. உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் இந்த வேலையைப் பலமுறை செய்து பார்த்த பிறகு, எந்த வரிசையில் செய்தால் குறைந்த மையில் காரணம் பிடிபடுகிறதோ அந்த வரிசையையே கீழே தந்திருக்கிறேன். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

வெள்ளைத் தாள் பத்து, நூல் பிரியாத மென்மையான துணி, நல்ல டிஷ்யூ, ஊசி இல்லாத சிறிய சிரிஞ்ச், மெல்லிய ரப்பர் கையுறை, ஒரு பேனா ஆகியவை போதும். மேசை மேல் பழைய செய்தித்தாளை நான்கைந்து அடுக்காக விரித்துக்கொள்ளுங்கள். தரையிலும் துணியிலும் பட்ட மை எளிதில் போகாது.

இவற்றுடன் காய்ச்சி வடித்த நீர் கட்டாயம் வேண்டும். பெட்ரோல் பங்க்கிலும் ஹார்டுவேர் கடையிலும் 'பேட்டரி தண்ணீர்' என்று கேட்டால் கிடைக்கும். ஆசிட் கலக்காததுதானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். போர் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ பயன்படுத்தக் கூடாது. அவற்றிலுள்ள உப்பு, நீர் உலர்ந்த பிறகு தலைமுடியைவிட நுண்ணிய மைத்துளைகளில் படிந்து, அடைப்பை நீக்கப் போன நாமே புதிய அடைப்பை உண்டாக்கியதாக ஆகிவிடும்.

2. ஹெட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மையைத் தாளில் தெளிக்கும் பகுதிதான் ஹெட். அது கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறதா, பிரிண்டருக்குள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அடுத்த வேலைகள் அமைகின்றன.

எச்.பி. 678, 680, 803, கேனான் 745, 746 போன்ற கார்ட்ரிட்ஜ்களின் அடியில் பளபளக்கும் ஒரு சிறு தகடும், முதுகுப் பக்கத்தில் செம்புப் புள்ளிகளும் இருக்கும். அந்தத் தகடுதான் ஹெட். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் மாறிவிடும் என்பதால், இவ்வகையில் எந்தப் பழுதுக்கும் கடைசி வழி ஒன்று இருக்கிறது.

எப்சன் எல் வரிசையிலும் பிரதரின் டேங்க் பிரிண்டர்களிலும் ஹெட் உள்ளேயே இருக்கும்; அது பழுதானால் செலவு பெரிது. கேனான் ஜி வரிசையும் எச்.பி.யின் இங்க் டேங்க் வரிசையும் இடைப்பட்டவை. மை வெளியிலுள்ள டேங்க்கிலிருந்து குழாய் வழியாக வரும். ஆனால் ஹெட்டைத் தனியாகக் கழற்றி மாற்றலாம்.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. கேனான், எச்.பி. ஹெட்டுகள் மையைச் சூடாக்கி, குமிழி எழுப்பி, துளியை வெளியே தள்ளுகின்றன. அந்தச் சூட்டைத் தணிப்பதும் மைதான். எனவே மை தீர்ந்த கார்ட்ரிட்ஜில் 'இன்னும் இரண்டு பக்கம் வரட்டும்' என்று அச்சிட்டுக்கொண்டே போனால் ஹெட் எரிந்துபோகும்; அதற்குப் பிறகு மை நிரப்பியும் பயனில்லை.

3. எதையும் தொடுவதற்கு முன் நாசில் செக் தாள் எடுங்கள்

கணினியில் பிரிண்டர் அமைப்புகளுக்குள் 'மெயின்டனன்ஸ்' பகுதியில், எந்த மைத்துளையில் மை வருகிறது, எதில் வரவில்லை என்று காட்டும் சோதனைத் தாளான நாசில் செக் இருக்கும். எச்.பி.யில் பிரிண்ட் குவாலிட்டி ரிப்போர்ட் என்ற பெயரில் இதே வேலை நடக்கும். எப்சன் எல்130, எல்3110 போன்றவற்றில் கணினியே வேண்டாம்: பிரிண்டரை அணைத்து, ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்தினால் தாள் வந்துவிடும்.

இந்தத் தாளின் கோலத்தைப் பிரிண்டர் தானாகவே வரைகிறது. நீங்கள் திறந்து வைத்திருக்கும் கோப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனவே தாள் குறையின்றி வந்தால் துளைகளில் அடைப்பில்லை, பெரும்பாலும் கணினியிலோ அமைப்பிலோதான் பழுது என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்; விலக்குகளை அடுத்த படியில் சொல்கிறேன்.

தாளின் மூலையில் தேதியையும் நேரத்தையும் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்தடுத்த தாள்களை ஒப்பிட்டால்தான் காரணம் தெரியும்; தேதியில்லாத நான்கு தாள்கள் மேசையில் கலந்துவிட்டால் எது முன்பு, எது பின்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

4. தாளை வாசிக்கும் முறை

இந்த வேலை முழுவதிலும் நிதானம் மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். இடைவெளி விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல், அது எங்கே விழுந்திருக்கிறது, அடுத்த தாளில் எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆகவே முதல் தாளில் குறை தெரிந்தால், கிளீனிங் எதுவும் செய்யாமல் உடனே இன்னொரு தாள் எடுங்கள்.

இரண்டு தாள்களிலும் அதே கோடுகள், அதே இடத்தில் விடுபட்டிருந்தால் அந்தத் துளைகளில் மை உலர்ந்திருக்கிறது. இது அடைப்பு, கிளீனிங்குக்கு வழிவிடும்.

இடைவெளி இடம் மாறி விழுந்தால், அதாவது முதல் தாளில் இருந்த கோடு இரண்டாவதில் காணாமல்போய், காணாமல்போனது திரும்ப வந்திருந்தால், குழாயிலோ ஹெட்டிலோ காற்றுக் குமிழி இருக்கிறது. இதற்குக் கிளீனிங்கைவிடக் காத்திருப்பதே மருந்து. ஓட்ட ஓட்டக் குமிழி அலைந்துகொண்டே இருக்கும். பிரிண்டரைச் சும்மா விட்டால் அது மெல்ல ஒதுங்கும் அல்லது மையில் கரையும்.

நாசில் செக் ஒழுங்காக வந்து, முழுப்பக்கப் படத்தின் மேற்பகுதி நன்றாகவும் கீழே போகப் போக வெளிறியும் வந்தால், மை போதிய வேகத்தில் ஹெட்டை வந்து சேரவில்லை. மை குறைந்திருக்கலாம், காற்று நுழையும் துவாரம் அடைபட்டிருக்கலாம். இதைக் கிளீனிங்கால் சரிசெய்ய முடியாது.

ஒரு நிறத்தின் கட்டத்தில் வேறு நிறம் கலந்து வந்தால், மை நிரப்பும்போது அறை மாறியிருக்கிறது, அல்லது ஹெட்டின் அடியில் மை வழிந்து ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறது. ஒரு நிறம் அறவே வராவிட்டால் புதிய கார்ட்ரிட்ஜின் பாதுகாப்பு ஒட்டுநாடாவை எடுக்காதது, மை தீர்ந்தது, ஹெட் எரிந்தது என்ற மூன்றையும் இதே வரிசையில் சந்தேகிக்க வேண்டும். கோடுகள் எல்லாம் இருந்தும் எழுத்துகள் மட்டும் இரட்டையாகத் தெரிந்தால் அது அலைன்மென்ட் குறை, அதாவது துளிகள் தம் இடத்தில் நேராக விழாத குறை. மைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மஞ்சள் நிறத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வெள்ளைத் தாளில் மெல்லிய மஞ்சள் கோடு கண்ணுக்குத் தெரியாது. எதிர்வீட்டு மாணவி ஒருவர் மஞ்சள் வரவே இல்லை என்று ஏழு முறை கிளீனிங் ஓட்டி, டேங்க்கில் மஞ்சள் மட்டம் நன்றாக இறங்கிய பிறகு தாளுடன் வந்தார். விளக்கை அணைத்துவிட்டு, கைபேசித் திரை முழுவதும் நீல நிறத்தை வரவழைத்து, அந்த வெளிச்சத்தில் தாளைப் பிடித்தேன். படிக்கட்டு போன்ற மஞ்சள் கோடுகள் கறுப்பாக, ஒன்றுகூட விடுபடாமல் தெரிந்தன. மஞ்சள் மை நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அந்த ஒளியில் அது கறுத்துத் தெரிகிறது. அவருடைய படங்கள் நிறம் மங்கி வந்ததற்குக் காரணம், போட்டோ தாளை வைத்துவிட்டு அமைப்பில் சாதாரணத் தாளைத் தேர்ந்தெடுத்திருந்ததுதான். ஏழு கிளீனிங்கில் போன மை அத்தனையும் வீண்.

5. கிளீனிங்குக்கு முன் பார்க்க வேண்டிய எளிய காரணங்கள்

புதிய கார்ட்ரிட்ஜில் ஹெட் மீது ஒட்டியிருக்கும் பாதுகாப்பு நாடாவை முழுவதும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். பாதி கிழிந்து ஒரு துண்டு தங்கிவிடுவதும் உண்டு. எதிர்த் தவறும் நடக்கிறது: நாடா என்று நினைத்து மேலே உள்ள லேபிளை உரித்துவிடுகிறார்கள். அந்த லேபிளுக்கு அடியிலுள்ள நுண்ணிய பள்ளங்களின் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. மை வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போனால்தான் அடுத்த துளி இறங்கும்.

பழைய எப்சன் எல் வரிசை மாடல்கள் சிலவற்றில் டேங்க்கின் பக்கத்தில் இடம்பெயர்ப்புக்கான பூட்டு வால்வு ஒன்று உண்டு. வீடு மாறியபோது அதை மூடியவர்கள் திறக்க மறந்துவிடுவார்கள். அதைத் திறக்காமல் கிளீனிங் ஓட்டினால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிக் காற்று புகும்.

கறுப்பு மட்டும் வராவிட்டால் தாள் வகை அமைப்பைப் பாருங்கள். கேனான், எச்.பி. பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மை, நுண்ணிய நிறத்துகள்கள் மிதக்கும் பிக்மென்ட் வகை. அது பளபளப்பான தாளில் ஒட்டாது. எனவே போட்டோ தாள் என்று தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் கறுப்புக் கார்ட்ரிட்ஜை ஒதுக்கிவிட்டு மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பை உண்டாக்கும். கறுப்புக் கார்ட்ரிட்ஜ் நிறைந்திருந்தும் எழுத்து பழுப்பேறி வருவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

6. ஹெட் கிளீனிங்கை அளவோடு செய்யுங்கள்

ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக், ஒப்பீடு என்ற மூன்றும் சேர்ந்து ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முன்னேற்றம் தெரிந்தால் மூன்று சுற்று வரை போகலாம்; தெரியாவிட்டால் இரண்டோடு நிறுத்துங்கள். கிளீனிங் என்பது மையை உறிஞ்சி உள்ளே உள்ள கழிவுப் பஞ்சில் கொட்டும் வேலை. மையும் குறையும், பஞ்சும் நிரம்பும்.

இந்தச் சுற்றுகளுக்குப் பிறகும் சரியாகாவிட்டால், எப்சன் டேங்க் பிரிண்டரை அணைத்துக் குறைந்தது 12 மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு நாசில் செக் எடுங்கள். உலர்ந்த மை இந்த இடைவெளியில் ஊறி இளகுகிறது, குமிழிகளும் ஒதுங்குகின்றன. இரவில் பிடிவாதமாக விடுபட்டிருந்த கோடுகள் காலையில் தாமாகவே வந்திருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேனானில் இரண்டு சாதாரண கிளீனிங்குக்குப் பிறகு டீப் கிளீனிங் ஒருமுறை. அதற்கும் மசியாவிட்டால் அணைத்து வைத்து 24 மணி நேரம் கழித்து இன்னொரு முறை என்பது முறை.

எப்சனின் பவர் கிளீனிங் குழாயிலுள்ள மை முழுவதையும் மாற்றும் அளவுக்கு இழுப்பது. ஒவ்வொரு டேங்க்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருந்தால்தான் அதைத் தொட வேண்டும். மட்டம் குறைவாக இருக்கும்போது ஓட்டினால் மைக்குப் பதில் காற்றை இழுத்து, ஓரிரு துளைகளில் இருந்த குறையை எல்லாத் துளைகளுக்கும் பரப்பிவிடும்.

7. ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜை வெளியில் சுத்தம் செய்தல்

எச்.பி., கேனான் கார்ட்ரிட்ஜ்களுக்கு மட்டும் இது பொருந்தும். டிஷ்யூவை நான்காக மடித்து, காய்ச்சி வடித்த நீரை வெதுவெதுப்பாக்கி நனைத்து, கார்ட்ரிட்ஜின் தகட்டை அதன் மேல் ஒரு நிமிடம் மெல்ல அழுத்தி வையுங்கள். தேய்க்கக் கூடாது; டிஷ்யூவின் நார் துளைகளில் சிக்கிக்கொள்ளும்.

பிறகு உலர்ந்த டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி எடுங்கள். கலர் கார்ட்ரிட்ஜானால் நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று பட்டைகள் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒரு பட்டை பதியாவிட்டால் அந்த நிறத்தில் மை இல்லை அல்லது அடைப்பு இன்னும் இருக்கிறது. மூன்றும் பளிச்சென்று பதிந்தும் தாளில் ஒரு நிறம் வராவிட்டால், மை இருக்கிறது, தெளிக்கும் மின்பகுதி போய்விட்டது என்று பொருள். அந்தக் கார்ட்ரிட்ஜின் மேல் இனி நேரம் செலவழிக்க வேண்டாம்.

அடைப்பு நீங்காவிட்டால், தட்டையான மூடியில் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றித் தகடு மட்டும் படும்படி இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். செம்புப் புள்ளிகள் நனையக் கூடாது. கார்ட்ரிட்ஜை 30 நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்; வெயில் காலத்தில் அந்த நேரத்துக்குள்ளேயே புதிய அடைப்பு உண்டாகலாம்.

8. ஹெட் நிலையாக உள்ள பிரிண்டரில் மூடியைக் கவனியுங்கள்

ஹெட் ஓய்வெடுக்கும் வலது ஓரத்தில் ரப்பர் விளிம்புடன் ஒரு சிறு தொட்டி இருக்கும். அது ஹெட்டை மூடி உலராமல் காக்கிறது. கிளீனிங்கின்போது மை உறிஞ்சப்படுவதும் அதன் வழியாகத்தான். விளிம்பில் பழைய மை கெட்டிப்பட்டிருந்தால் ஹெட்டோடு இறுக ஒட்டாது; உறிஞ்சும் விசை காற்றோடு போய்விடும். எத்தனை முறை கிளீனிங் ஓட்டியும் தாளில் துளி மாற்றமும் இல்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஹெட் நடுவே நகர்ந்திருக்கும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி, விளிம்பை ஈரத் துணியால் துடைத்து, சிரிஞ்சால் தொட்டியில் விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை காய்ச்சி வடித்த நீரை விடுங்கள். பிறகு பிளக்கைச் செருகி இயக்கி, ஒரு கிளீனிங் ஓட்டி, மறுபடி தொட்டியைப் பாருங்கள். நீர் இறங்கியிருந்தால் உறிஞ்சும் பகுதி வேலை செய்கிறது. அப்படியே நின்றால் பம்ப்பிலோ அதன் குழாயிலோ அடைப்பு. அது சர்வீஸ் சென்டரில் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை.

உள்ளே குறுக்காக ஓடும் மெல்லிய ஒளிபுகும் நாடாவைத் தொடாதீர்கள். ஹெட் தன் இடத்தை அறிந்துகொள்வது அதிலுள்ள நுண்கோடுகளைப் பார்த்துத்தான். விரல் ரேகை பட்டாலும் தடுமாறும்.

9. கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்தால்

எச்.பி.யிலும் கேனானிலும் கலர் இடப்பக்கம், கறுப்பு வலப்பக்கம். மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, முன்பக்கமாகச் சாய்த்து மேலே தள்ளும்போது 'கிளிக்' என்ற ஓசை கேட்டதா என்பதை உறுதி செய்யுங்கள்.

பிறகு செம்புப் புள்ளிகளை, கார்ட்ரிட்ஜிலும் அது அமரும் இடத்திலும், லேசாக நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டுப் பொருத்துங்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கும் மையும் படிந்தால் மின்தொடர்பு விட்டு விட்டு வரும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் தகட்டிலுள்ள மையைப் புள்ளிகளின் மேல் நாமே இழுத்து வந்துவிடுவோம்.

இரண்டில் எது பழுது என்று தெரியாவிட்டால், எச்.பி. பிரிண்டர்கள் பலவற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து மூடலாம். பிழைச் செய்தி மறைந்தால் கழற்றியதுதான் குற்றவாளி. வேறு நிறுவனக் கார்ட்ரிட்ஜாக இருந்து, பிரிண்டர் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் முதல் மறுப்புச் செய்தி வந்தால், துடைப்பதில் பயனில்லை. எச்.பி.யின் டைனமிக் செக்யூரிட்டி உள்ள மாடல்கள் தங்கள் சிப் இல்லாத கார்ட்ரிட்ஜ்களைத் தடுக்கும்படி செய்யப்பட்டவை.

கேனானின் சிறிய மாடல்களில் ஆங்கில 'E' எழுத்துடன் 13 அல்லது 16 மாறி மாறித் தெரிந்தால் மை தீர்ந்ததாகப் பிரிண்டர் கணக்கிட்டிருக்கிறது. மை நிரப்பியிருந்தால் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து வேலையைத் தொடரலாம். அதன் பிறகு அந்தக் கார்ட்ரிட்ஜின் அளவைப் பிரிண்டர் கவனிக்காது. எழுத்து வெளிறத் தொடங்கிய கணமே நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

10. மை நிரப்பும்போது

மாடலுக்குரிய மையையே வாங்குங்கள். எப்சன் எல்3110-க்கு 003, எல்130-க்கு 664 என்று பாட்டிலின் மேலேயே எண் இருக்கும். கேனான் ஜி வரிசையின் பெரும்பாலான மாடல்களிலும் எச்.பி. டேங்க்கிலும் கறுப்பு பிக்மென்ட், நிறங்கள் நீரில் கரைந்திருக்கும் டை வகை. எல்லாம் கறுப்புதானே என்று ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் குழாய்க்குள் திரண்டு கட்டியாகலாம்.

டேங்க்கின் கீழ்க்கோட்டைத் தொடும் முன்பே நிரப்புங்கள், மேல்கோட்டைத் தாண்டாதீர்கள். கீழே போனால் குழாயில் காற்று புகும். மேலே போனால் கசியும்.

கலர் கார்ட்ரிட்ஜின் லேபிளை உரித்தால் தெரியும் துவாரங்களில் எது எந்த நிறம் என்பதை இணையத்தில் பார்த்த படத்தை நம்பி முடிவுசெய்ய வேண்டாம். துவாரத்துக்கு ஒன்றாக மூன்று பல்குத்தும் குச்சிகளை விட்டு எடுத்து, வெள்ளை டிஷ்யூவில் தீற்றிப் பாருங்கள். எது எது என்று சந்தேகமறத் தெரியும். பிறகு ஒவ்வொன்றிலும் அரை மில்லி அரை மில்லியாக, பஞ்சு உறிஞ்ச நேரம் கொடுத்து விடுங்கள். துவாரத்தின் வாயில் மை எட்டிப் பார்த்தால் அளவு மீறிவிட்டது. சிரிஞ்சால் சிறிது திரும்ப எடுங்கள். கடைசியில் செல்லோ டேப்பால் இறுக மூடாமல், உரித்த லேபிளையே திரும்ப ஒட்டுங்கள். காரணத்தை ஐந்தாம் படியில் சொல்லியிருக்கிறேன்.

11. கழிவுப் பஞ்சு நிரம்பிவிட்டதாகச் செய்தி வந்தால்

ஒவ்வொரு கிளீனிங்கையும் எண்ணிக்கொண்டு வரும் பிரிண்டர், பஞ்சு நிரம்பியிருக்க வேண்டும் என்ற கணக்கு வந்ததும் நின்றுவிடும். சில புதிய மாடல்களில் கழிவு மை சேரும் மெயின்டனன்ஸ் பாக்ஸை வாங்கி நாமே மாற்றலாம். மற்றவற்றில் சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ரீசெட் மென்பொருள் எண்ணிக்கையை மட்டுமே பூஜ்யமாக்கும். பஞ்சு நனைந்தபடியே இருக்கும். பஞ்சை மாற்றாமல் ரீசெட் செய்த ஒரு பிரிண்டரைத் தூக்கியபோது, அடியில் மர மேசை ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது.

12. சரியான பிறகு

கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டியிருந்தால் அலைன்மென்ட் ஒருமுறை செய்யுங்கள். கடைசியாகக் குறையின்றி வந்த நாசில் செக் தாளைப் பிரிண்டரின் அடியில் வைத்திருங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும்.

வாரம் ஒருமுறை நான்கு நிறங்களும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். அதற்கு ஆகும் மை ஒரு கிளீனிங்கில் போவதைவிட மிகக் குறைவு. அணைக்கும்போது பிரிண்டரின் பட்டனால் அணைத்து, விளக்கு அணையும் வரை காத்திருந்து, பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள். அந்தச் சில விநாடிகளில்தான் ஹெட் தன் மூடியில் போய் அமர்கிறது. அச்சிடும் நடுவில் கரன்ட் போனால் ஹெட் திறந்தபடியே நின்றுவிடும். கரன்ட் வந்ததும் வேறு வேலை இல்லாவிட்டாலும் பிரிண்டரை ஒருமுறை இயக்கி, முறையாக அணைத்துவிடுங்கள்.